சரோஜினியின் சிறுநீரகம்

எதிர்ப்புச் சக்தியைப் புதுப்பிக்கும் தைமஸ் ஹார்மோன் ஊசி போட்ட இரண்டே மாதத்தில் எதிர்ஃபிளாட் தணிகாசலத்தின் மூட்டு வீக்கம் வற்றிவிட்டது. எழுபது வயதில் அப்படியொரு துள்ளல். என் கண்ணே பட்டிருக்கும். கூடவே இளமை திரும்பிய எதிர்ப்புச் சக்தி, இருபது வருடமாக அவருக்குள் உழைத்துக்கொண்டிருந்த மனைவியின் சிறுநீரகத்தை வேற்றாள் என்று தாக்க ஆரம்பித்துவிட்டது.

நலம் விசாரிக்கிற சாக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கத்திக்கொண்டிருந்தார்.

"பிறர் உறுப்பு உடம்புல இருக்கான்னு ஃபாரத்துல கேட்டோமே, ஏன் சார் இல்லைன்னு எழுதினீங்க?"

"சரோஜினி எனக்குப் பிறத்தியாளா டாக்டர்?" என்றார் தணிகாசலம்.

சரோஜினி அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டதை, பார்க்காதவள் மாதிரி நன்றாகவே பார்த்தேன்.

"ஊசியை நிறுத்திடுங்க டாக்டர்," என்றாள் அக்கா. "முட்டி வீங்கினா வீங்கட்டும். கால் சரியானதுலேருந்து ஒருநாள் வீடு தங்கல இந்த மனுஷன்."