ஆறாவது கேள்வி

“இதுதான் ஓவர்லாக் மெஷினா?”

ராமாமணி அந்தச் சாமானைச் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். ஸ்டேப்ளர் அளவு. ரோஸ் கலர்.

“விளம்பரத்துல பெருசாத்தானுங்க்கா இருந்துச்சு” என்றாள் யுவஸ்ரீ.

“போட்டோவுல நான்கூட ஒல்லியாத்தான் இருப்பேன்.”

சரவணம்பட்டியில், ராமாமணியின் அபார்ட்மென்டுக்கு எதிரே யுவஸ்ரீயின் தையல் கடை. பத்துக்குப் பத்து. ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினெட்டு ஜாக்கெட் காத்துக் கிடந்தது. துணிக்கு ஓரம் அடிக்க ஒவ்வொரு தடவையும் வெளியே கொடுத்து வாங்கி மாளவில்லை. சீட்டு எடுத்த பணத்தை அப்படியே, போனில் வந்த ‘எல்லாச் சாமானும் பாதி விலை’ பேஜுக்குக் கட்டிவிட்டாள். வந்தது இது.

ராமாமணி யாரென்றால், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பின் துப்பறியும் இலாகா. எந்தப் பேஜ் அசல், எது டுபாக்கூர் என்று அவள் சொல்லாமல் மூன்று பிளாக்கிலும் ஒருத்தர் ஒரு கர்சீப்கூட வாங்குவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் ‘ஆன்லைனில் ஏமாறாதீர்கள்’ என்று அரை மணி நேரம் பேசப் போகிறாள். பேச்சுக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

“மேடையில ஏறி, இதைக் கையில பிடிச்சுட்டு நில்லு கண்ணு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். பார்த்தாலே புரிஞ்சுடும்.”

“வேண்டாமுங்க்கா. அங்க பாதிப்பேரு என்ற கஸ்டமருங்க. ஒரு மெஷின் வாங்கத் தெரியாதவகிட்ட எப்படிப் பட்டுத்துணி குடுக்கறதும்பாங்க. பொழப்பே போயிருமுங்க.”

“நாலு பேர் திருந்துவாங்க இல்ல?”

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த பி பிளாக் ஹர்ஷிணி களுக்கென்று சிரித்தாள். கூட்டத்துக்கு ஸ்லைடு போடுகிறவள் அவள்தான்.

“கூட்டத்துல சொல்லப்போற ஆறு கேள்வியை இங்கயே கேக்கறேன்” என்று ராமாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அட்ரஸ் பார்த்தியா?”

“பார்த்தனுங்க. பின்கோடோட இருந்துச்சு.”

“போன் நம்பர்?”

“கூப்பிட்டேனுங்க, எடுத்தாங்க. வார்த்தைக்கு வார்த்தை வாங்க போங்கன்னு அத்தனை மரியாதை.”

“அதான் விழுந்துட்டே! நம்மூர்ல எவனாவது ரெண்டு தடவை ‘ஏனுங்க’ன்னா போதும், சொத்தையே எழுதிக் குடுத்துடுவோம். சரி, இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்துச்சா? எங்க கான்வென்ட்ல ஒரு எழுத்து தப்பினா சிஸ்டர் முட்டி போட வெப்பாங்க.”

“என்ற பையனை விட்டுப் பார்க்கச் சொன்னேனுங்க. சரியாத்தான் இருக்குதுன்னான்.”

ராமாமணிக்கு எரிச்சல் வந்தது. உதாரணம் என்றால் கொஞ்சமாவது முட்டாளாக இருக்க வேண்டாமா?

“பேஜ் எப்ப ஆரம்பிச்சது? நேத்தா?”

“ரெண்டு வருசமாச்சுங்க.”

“கேஷ் ஆன் டெலிவரி?”

“மெஷினுக்கு இல்லீன்னுட்டாங்க. அங்கதானுங்க எனக்கும் ரோசனை. நாலு நாள் கட்டாமயே வெச்சிருந்தேன்.”

“ரோசனை வந்துச்சில்ல? அப்புறம் எந்தத் தைரியத்துல கட்டினே?”

“உங்க ஆறாவது கேள்விதானுங்க்கா.”

ராமாமணியின் முகம் மலர்ந்தது. மற்ற ஐந்தும் யூடியூபில் பொறுக்கியவை. ஆறாவதுதான் அவளுடைய சொந்தச் சரக்கு: நமக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது வாங்கிட்டு, நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?

“சொன்னது யாரு?”

“விடுங்க்கா.”

“எந்த மடசாம்பிராணின்னு கேக்கறேன். அதையும் உன் பக்கத்துல மேடையில நிறுத்தறேன்.”

“சொன்னா அவங்களுக்குச் சங்கடமாயிருமுங்க.”

“ஆகட்டும்! வாங்கிப் பார்க்காம வாயைத் திறக்கறதுகளாலதான் ஊர்ல பாதிப்பேர் ஏமாறுது. காட்டு போனை. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நானே வந்து உன்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்.”

யுவஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். ஹர்ஷிணி கண்ணாடி முன்னால் துணியைத் தோளில் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். யுவஸ்ரீ போனை மடிக்கருகே தாழ்வாகப் பிடித்து, பேஜைத் திறந்து, ரிவியூ வரை தள்ளி, ராமாமணி பக்கம் திருப்பினாள்.

அஞ்சு நட்சத்திரம். ‘அருமையான பொருள். நேர்மையான கடை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ராமாமணி, கோயம்புத்தூர்.’

பக்கத்தில், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனபோது எடுத்த போட்டோ. ஒல்லியாகத்தான் இருந்தாள்.

அதே பேஜில் பணியாரக் கல்லுக்கு ஆர்டர் போட்ட அன்றைக்குத் தட்டிவிட்டது. பார்சல் வருவதற்கு முன்பே அஞ்சு நட்சத்திரம் கொடுத்தால் நூறு ரூபாய் தள்ளுபடி என்றான், கொடுத்தாள். கல் வந்தது, குழந்தைகளின் சொப்பு சாமான் சைஸில். துப்பறியும் இலாகா ஏமாந்தது வெளியே தெரியலாமா? சத்தமில்லாமல் பரணில் ஏற்றிவிட்டாள். நட்சத்திரங்களை மட்டும் இறக்கவில்லை.

“ஆன்ட்டி,” கண்ணாடியைப் பார்த்தபடியே ஹர்ஷிணி கேட்டாள், “பேஜ் பேரைச் சொல்லுங்க, ஸ்லைடுல போட்டுடறேன். ரிவியூவையும் ரெண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கலாம்.”

ராமாமணி சட்டென்று உள்ளங்கையால் போனை மூடினாள்.

யுவஸ்ரீ ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்:

“பேஜ் பேரு நான் தாரேன், எழுதிக்கோங்க ஹர்ஷிணிக்கா. ரிவியூவெல்லாம் நம்பாதீங்க. திருட்டுப்பசங்க, நல்லவங்க பேரையும் போட்டோவையும் திருடிப் போட்டிருக்கானுங்க.”