கன்ட்ரோல் சி

அமிர்தசாமி ரிமோட்டின் சிவப்புப் பட்டனை அமுக்கினார். கிரேன் நிற்கவில்லை. அதில் தொங்கிய இரும்பு டிரம் இறங்கிக்கொண்டே இருந்தது.

கீழே செபஸ்தியான். டிரம் உட்காரக் கட்டை அடுக்கும்போது மேல்கட்டை சரிந்து, வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை.

"பட்டன் செத்துப்போச்சு. நீ நிறுத்தும்மா" என்றார் அமிர்தசாமி. அந்தத் துவாக்குடிப் பட்டறைக்கு அவர்தான் ஃபோர்மேன்.

"அப்பவே நிறுத்திட்டேண்ணே" என்றாள் இளவேனில். செபஸ்தியான் அலறியதுமே, இவர் பட்டனில் கை வைத்த அதே நொடியில், அவளும் லேப்டாப்பில் கன்ட்ரோல் சி அடித்துவிட்டாள்.

கிரேனை ஓட்டும் புரோகிராம் அவள் எழுதியது. இறங்கும்போது குலுங்குகிறது என்று சொன்னதால், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து அதைப் பிழை தேடும் டீபக்கரில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கன்ட்ரோல் சி அடித்தால் புரோகிராம் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும்.

காலையில்தான் அமிர்தசாமி கிண்டலடித்தார். "முன்னல்லாம் பட்டன அமுக்குனா மோட்டார் நிக்கும். இப்ப பட்டன் உன் புரோகிராம்கிட்டச் சொல்லி, அது மோட்டார்கிட்டச் சொல்லணும். கவர்மென்ட் ஆபீஸ் மாதிரில்ல இருக்கு."

இப்போது அவர் செபஸ்தியானிடம் ஓடினார். ஒரு கையால் கடப்பாரையைச் செருகி நெம்பினார். இன்னொரு கை பட்டனை விடவில்லை.

மெயின் சுவிட்ச் ஷெட்டின் அந்தக் கோடியில், அடுக்கிய தகடுகளுக்குப் பின்னால் இருந்தது. அதை அணைக்க ஹெல்பர் பரக்கத் அலி ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் டிரம் இறங்கிவிடும்.

டிரம்மின் நிழல் செபஸ்தியானின் முகத்தை மூடியது. "மாதாவே... கைய வெட்டியாச்சும் எடுத்துருங்கண்ணே."

இளவேனில் மறுபடி கன்ட்ரோல் சி அடித்தாள். மறுபடியும். திரையில் புரோகிராம் நின்றேதான் இருந்தது. மோட்டார் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை.

அவள் அமிர்தசாமியின் கட்டைவிரலைப் பார்த்தாள். சட்டென்று குனிந்து ஓர் எழுத்தைத் தட்டி என்டரை அமுக்கினாள்.

கிரேன் கடக்கென்று நின்றது. டிரம்முக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல்தான் நுழையும்.

கட்டையை நெம்பிக் கையை எடுத்தார்கள். தோல் உரிந்து ரத்தம் வடிந்தது. செபஸ்தியான் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு அழுதான்.

அமிர்தசாமி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் பட்டன் கைவிட்டுருச்சு. நீ நிறுத்தலன்னா இவன் கை போயிருக்கும் தாயி."

இளவேனில் லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள். "உங்க பட்டன் நல்லாத்தாண்ணே இருக்கு. அது சொல்றதக் கேக்க வேண்டிய புரோகிராமத்தான் நான் நிறுத்தி வச்சிருந்தேன். மோட்டார் கடைசியாக் கேட்ட 'இறங்கு'லயே ஓடிக்கிட்டிருந்துச்சு. திரும்பப் புரோகிராம ஓட விட்டப்புறந்தான் கிரேன் நின்னுச்சு."