இடது கார்னர்

தாய்லாந்துக் கடற்கரை ஊரான கிராபியில் ஆட்டம் முடிந்த மறுநாள், தென்காசிக் கல்லூரியின் கபடிப் பெண்கள் ஏழு பேரும் கைகோத்துக் கடலில் இறங்கினார்கள். பொன்செல்வி களத்தில் நிற்பதைப் போலவே இடது கார்னரில், வரிசையின் கடைசி ஆளாக நின்றாள். கார்னரில் நிற்பவளுக்கு ஒரு கை எப்போதும் சும்மாதான் இருக்கும். அவளுக்கு நீச்சல் தெரியாது.

"ஏட்டி, குத்தாலத்துல குளிச்சவளுக்கு இதெல்லாம் ஒரு தண்ணியாட்டி?" என்று பக்கத்தில் நின்ற கேப்டன் சங்கரேஸ்வரி சீண்டினாள்.

அவள் வாய் மூடுவதற்குள் பெரிய அலை ஒன்று கைச்சங்கிலியை அறுத்தது. காலடி மணல் ஓடியது. பொன்செல்வி ஆழத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சும்மா இருந்த இடது கையின் மணிக்கட்டை ஒரு கை பற்றியது. கபடிக்காரியின் பிடி. கரை வரைக்கும் அது விடவில்லை.

"யாருட்டி என்னைய இழுத்தது?"

"நாங்க ஆறு பேரும் கரையிலல்லா கெடந்தோம்? நீயாத்தான் நடந்து வந்த, ஒத்தக் கைய நீட்டிக்கிட்டு" என்றாள் சங்கரேஸ்வரி.

வெயிலில் வலது கை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. இடது மணிக்கட்டில் மட்டும் தண்ணீர் சில்லென்று சொட்டிக்கொண்டே இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. சாரல் காலத்தில் குற்றால அருவிக்கடியில் வாய் திறந்து குடித்த அதே தண்ணீர்.

சங்கரேஸ்வரி துண்டை நீட்டினாள். பொன்செல்வி வாங்கவில்லை. இடது பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, மணலில் உட்கார்ந்தாள்.