அஞ்சு ராத்தல் கை

"கள்ள எண்ணெயத் தேச்சு என் கையைக் கெடுத்துப்போட்டேரே, ஓய் ஆசானே."

மிளகுக்கடை நெல்லையப்ப பிள்ளை போட்ட சத்தத்துல சாலைக் கடைத்தெருவே திரும்பிப் பாத்தது. எதிர்க்கடை வெத்தலைக்காரன் எண்ணிக்கிட்டிருந்த வெத்தலைய விட்டுட்டு எழும்பி நின்னான்.

வர்ம வைத்தியம் பாக்குற ஆசான் வேதமாணிக்கம் எண்ணெய்ச் சட்டிய மூடி வச்சாரு. தெக்கேர்ந்து திருவனந்தபுரத்துக்கு வந்து அவருக்குக் கெடைச்ச முதல் பெரிய ஆளு இந்தப் பிள்ளைதான். இவர் வாயில 'கள்ள ஆசான்'னு விழுந்துட்டா, பொறவு எண்ணெய்ச் சட்டிய எடுத்துக்கிட்டு ஊரைப் பாத்து நடக்க வேண்டியதுதான்.

விஷயம் என்னன்னா, கரமனை ஆத்துல குளிக்கப் போன பிள்ளை படியில வழுக்கி, வலது தோள் எறங்கிப்போச்சு. ஆசான் பிடிச்சு ஏத்திக் கட்டினாரு. தோள் சேந்தது, கை மட்டும் மேல பொங்கல. சோத்து உருண்டை வாய்க்கு வரமாட்டேங்குது. வாய்தான் குனிஞ்சு உருண்டையத் தேடிப் போவும்.

ஆசான் தெனமும் சாயங்காலம், கடையில வியாபாரம் நடக்கிற நேரத்துல வருவாரு. எண்ணெய் தேச்சு உழிச்சில் முடிஞ்சதும் தராசுல கெடக்கிற எடைக்கல்லையே எடுத்துக் கையில குடுப்பாரு.

"தூக்குங்க மொதலாளி. எம்புட்டு வருதுண்ணு பாப்போம்."

ஒரு ராத்தல் கல்லு தோள் உயரத்துக்கு வந்ததும் ஒத்தடத்த நிறுத்தினாரு. ரெண்டு வந்ததும் கட்டைத் தளத்தினாரு. உப்பும் புளியும் மட்டும் கண்ணுல காட்டல.

"அஞ்சு ராத்தல் தோளுக்கு வரட்டும். பத்தியத்த விட்டுரலாம்."

நேத்து சாயங்காலம் அஞ்சு ராத்தலும் வந்துட்டு. ஒரு முக்கல் இல்ல, முனகல் இல்ல.

"அப்போ புளி ஊத்தித் தீயல் வைக்கச் சொல்லட்டா?"

"ஒருக்கா வந்தாப் போராது மொதலாளி. நாளைக்கும் வரணும். அப்பத்தான் சுகம்ணு அர்த்தம்."

மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நாக்கு பொறுக்குமா? விடிஞ்சதும் விடியாததுமா ஆளனுப்பி ஆசானை வரவச்சுட்டாரு பிள்ளை. கடைக்குப் பின்னாலதான் வீடு. அவர் பொஞ்சாதி பொன்னம்மை உள்ளித் தீயலுக்குத் தேங்கா வறுக்கிற மணம் கடைய வந்து சுத்துது. கடையில அது மிளகு கொள்முதல் பண்ற நேரம். மலையிலேர்ந்து சுமந்துட்டு வந்த தாணுமாலயன், மூட்டைய அவுத்து வச்சுட்டு எடை போடக் காத்து நிக்கான்.

ஆசான் தராசுத் தட்டுல இருந்த அஞ்சு ராத்தல் கல்லை எடுத்துக் குடுத்தாரு.

இடுப்பு வரைக்கும் வந்தது. பிள்ளை பல்லைக் கடிச்சாரு, கண்ணை உருட்டினாரு, குடுமி அவுந்துது. கல்லு மட்டும் அசையல. பொத்துன்னு சாக்கு மேல விழுந்தது.

அதுக்குத்தான் இந்தச் சத்தம்.

ஆசான் தோளைத் தடவித் தடவிப் பாத்தாரு. "சதை நல்லா இருக்கு. மூட்டுல பிடிப்பு இல்ல. கை சுகம்ணு சொல்லுது, கல்லு இல்லைண்ணு சொல்லுது. நான் எதை நம்ப?"

"கல்லை நம்பும். இந்தத் தெருவுல எவன் கல்லு பொய் சொன்னாலும் நெல்லையப்பன் கல்லு சொல்லாது. என்னவே தாணுமாலயா?"

"அது உள்ளதுதான் மொதலாளி." தாணுமாலயன் ஆசானைப் பாத்து உச்சுக் கொட்டினான். "எண்ணெயில என்னத்தக் கலந்தேரு ஆசானே? ஒரு மனுசன் கையில வெளையாடலாமா?"

ஆசான் மறுபடி எண்ணெய்ச் சட்டிய எடுத்தாரு. "அப்போ முதல்லேர்ந்துதான் மொதலாளி. கட்டு, ஒத்தடம், பத்தியம். தீயலை எறக்கி வைக்கச் சொல்லுங்க."

அந்தப் பேச்சு காதுல விழுந்ததும் பொன்னம்மை கரண்டியும் கையுமா வெளிய வந்தா. ஒரு வீட்டுல ரெண்டு சமையல் பண்ணிப் பண்ணி அவ இடுப்பு ஒடிஞ்சு கெடந்தது. சாக்குல கெடந்த கல்லைக் குனிஞ்சு பாத்தா.

"நல்ல கூத்து. ஆசானே, இவுக கையில ஒரு கேடும் இல்ல. சாயங்காலம் விக்கிற கல்லைத் தூக்கிப் பழகின கையில, காலம்பற வாங்குற கல்லைக் குடுத்தா எப்படிப் பொங்கும்?"

பிள்ளையோட வலது கை விருட்டுன்னு தோளுக்கு மேல போயி, அவ வாயைப் பொத்துச்சு.

தாணுமாலயன் அவுத்த மூட்டையக் கட்ட ஆரம்பிச்சான்.

"கை வந்துட்டு மொதலாளி"ன்னாரு ஆசான். "இனி தீயல் சாப்பிடலாம்."