பெயர் கேட்க வேண்டாம்

பிரித்தானிய முதலாளிமாருக்கு அந்நாட்டுத் தொழிற்சட்டத்தை விளக்கி எழுதிக் கொடுப்பதுதான் திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த அந்த அலுவலகத்தின் வேலை. பிரசாந்தினி எழுதினால் கல் நெஞ்சும் கரையும். ஆனால் அன்றைய ஒற்றைப் பக்கம் அவளுடைய காலைப் பொழுதையே விழுங்கிவிட்டது.

மேலாளர் அருளம்பலம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“வயித்திலயே கலைஞ்ச பிள்ளைக்கும் துக்க லீவோ?”

“ஓம் சேர். அங்க புதுச்சட்டம் வருது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலயிருந்தே உரிமை.”

“‘பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டாம், தாயின் சொல்லே போதும்.’ இதுவும் சட்டத்தில இருக்கோ?”

“இல்லை சேர். அது நான் சேர்த்தது. வேண்டாமெண்டா வெட்டிவிடுங்கோ.”

“ஏன் வெட்டுவான்? வாசிக்க எனக்கே கண் கலங்குது. அப்பிடியே அனுப்புங்கோ.”

போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். காலையில் அவள் அவருடைய மேசையில் வைத்த லீவுப் படிவம் கையில் இருந்தது.

“பிரசாந்தினி, துக்க லீவு கேட்டிருக்கிறீங்கள். ‘இறந்தவரின் பெயர்’ எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு. மரண அறிவித்தலும் இணைக்கேல்லை. இப்பிடித் தந்தா லீவு தர ஏலாது.”

அவர் படிவத்தின் அடுத்த வரிக்குப் போனார்.

“உறவுமுறையில ‘பிள்ளை’ எண்டு வேற எழுதியிருக்கிறீங்கள்.” அவர் சிரித்தார். “அவசரத்தில பிழையா எழுதிப்போட்டீங்கள் போல. உங்களுக்குத்தான் பிள்ளை இல்லையே?”

வெளியே கப்பல் ஒன்று ஊதியது. அது அடங்கும்வரை பிரசாந்தினி காத்திருந்தாள்.

“ஓம் சேர்,” என்றாள். “இல்லை.”