முன்னாடி மறைக்குது!

"ஆறு டிக்கெட்டுக்கெல்லாம் ஷோ ஓட்ட முடியாது பாப்பா. பத்து பேராவது வேணும்."

தாம்பரம் தியேட்டர் மேனேஜர் குமரவேல் இப்படிச் சொன்னதும் ரோஹிணிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

தலையில நீல விக், முதுகுல வெள்ளை அங்கி, கையில அட்டை வாள். பின்னாடி இன்னும் அஞ்சு பேரு, அதே மாதிரி, படத்துல வர்ற வேஷத்துல.

"சார், இந்தப் பக்கத்துல இந்த ஒரு ஷோதான் சார்! எத்தனை மெயில் போட்டு இந்தப் படத்தை வரவழைச்சோம் தெரியுமா?"

"நான் இன்னா பண்றது? போன மாசம் ஒரு ஜப்பான் பொம்மைப் படம். எவன் வருவான்னு சின்ன ஸ்க்ரீன் குடுத்தேன். கேட்டை ஒடச்சிட்டானுங்க. சரின்னு இந்த தபா பெரிய ஸ்க்ரீன் குடுத்தா, ஈ கூட வரல."

"பொம்மைப் படம் இல்ல சார். அனிமே!"

"ஏதோ ஒண்ணு. அஞ்சு நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் காசை வாங்கிக்கினு மாறுவேடப் போட்டிக்குக் கிளம்புங்க."

ரோஹிணிக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அப்பதான் வாசல்ல ஒரு குட்டி யானை வந்து நின்னுச்சு. மினி லாரிதான். அதுலேர்ந்து பொம்பளைங்க இறங்குறாங்க, இறங்குறாங்க, இறங்கிக்கினே இருக்காங்க. இடுப்புல குழந்தை, கையில தூக்குவாளி.

முதல்ல வந்த எல்லம்மா கவுன்ட்டர்ல தலையை விட்டாங்க.

"சார், ஜப்பான் படம் இதானே? முடிச்சூர்லேர்ந்து வர்றோம். எல்லாருக்கும் டிக்கெட் குடு."

குமரவேல் பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. எல்லம்மா அவர் காதுல என்னமோ சொன்னாங்க. அவர் கண்ணு இன்னும் பெருசாச்சு.

"நெசமாவா? சரிக்கா. ஆபரேட்டர்கிட்ட சொல்லிடறேன்."

ஷோ உண்டு! ரோஹிணி அட்டை வாளைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சா.

அந்த சந்தோஷம் படம் ஆரம்பிக்கிற வரைக்கும்தான்.

"ஏஞ்சல், கீழ இங்கிலீஷ்ல இன்னாடி ஓடுது?" எல்லம்மா பக்கத்து சீட்டுப் பொண்ணைக் கேட்டாங்க.

"அந்த நரிக்கு அம்மா இல்லியாம்க்கா."

"அடப்பாவமே! யாரு சோறு போடுவா?"

"ஷ்ஷ்ஷ்!"ன்னா ரோஹிணி.

முறுக்கு கடிக்கிற சத்தம். ஒரு குழந்தை அழுதுச்சு. திரையில மழை பெய்ய ஆரம்பிச்சதும் எல்லம்மா வரிசை மொத்தமும் விசிலடிச்சுது. எல்லம்மா எழுந்தே நின்னுட்டாங்க.

"பாருடி, பாருடி! நம்ம தெருவுல வெள்ளம் வந்தப்ப பேஞ்சுதே, அதே மழை! அப்படியே கீது!"

"ஆன்ட்டி, உக்காருங்க! முன்னாடி மறைக்குது!"

"சாரிம்மா. இந்த மழை கீதே, இது..."

"பேசாதீங்க ப்ளீஸ்! இது ஆர்ட். ஒவ்வொரு ஃப்ரேமும் யாரோ ஒருத்தர் ராத்திரி பகல் முழிச்சு, கையால வரைஞ்சது. அவங்களுக்காவது கொஞ்சம் மரியாதை குடுங்க!"

"அது தெரியும்மா. அதான் நானும்..."

"ஷ்ஷ்ஷ்!"

எல்லம்மா உக்காந்துட்டாங்க.

ரோஹிணி ஃப்ரெண்டு காதுல சொன்னா: "ஏசி காத்து வாங்க வந்த கும்பல்டி. இதுங்களுக்கு எதுக்கு அனிமே?"

படம் முடிஞ்சுது. பேரு ஓட ஆரம்பிச்சுது. வழக்கமா இந்த இடத்துல ஆபரேட்டர் டக்குன்னு கட் பண்ணிடுவாரு. இன்னிக்குப் பண்ணல. லைட்டும் போடல.

"சூப்பர் பேக்ரவுண்ட்! வாங்க, வாங்க, குரூப் போட்டோ!"

ஆறு பேரும் ஓடிப்போய் திரைக்கு முன்னாடி இருந்த மேடையில ஏறி நின்னாங்க. வாளைத் தூக்கினாங்க. வெள்ளை அங்கியை விரிச்சாங்க. திரையில பாதி காணோம்.

"யம்மா! நகருங்கம்மா! முன்னாடி மறைக்குது!"

எல்லம்மாதான். அந்த வரிசையில ஒருத்தர்கூட சீட்டை விட்டு எழுந்திருக்கல. குழந்தைங்க உட்பட.

ரோஹிணிக்கு சுர்ருன்னு ஏறிச்சு. "படம் முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி! இது வெறும் பேரு! இதை யாரு பார்ப்பாங்க?"

"அதைப் பார்க்கத்தாம்மா வந்தோம்! எம்புள்ள பேரு வரும்! பென்னின்னு! பெருங்குடியில ஒரு கம்பெனியில, ஜப்பான்காரங்களுக்குக் கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்சு குடுக்குறான். அந்த மழையெல்லாம் அவன் வரைஞ்சதும்மா!"



"கூட வாடான்னா வர மாட்டேன்னுட்டான். 'பேரு வரும்போது எல்லாரும் எழுந்து போயிடுவாங்கம்மா, கட் பண்ணிடுவாங்க'ன்னான். அதான் தெருவையே கூட்டிக்கினு வந்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் நகரு கண்ணு, ஓடிடப் போவுது!"

ரோஹிணி கையிலேர்ந்து வாள் விழுந்துச்சு. வெடுக்குன்னு திரும்பி, திரையில பேரைத் தேடினா. மேல தேடினா, கீழ தேடினா. எங்க தேடினாலும் அவ நிழல்தான் பெருசா நின்னுச்சு.

பின்னாடி ஏஞ்சல் சீட்டு மேல ஏறி நின்னு கத்தினா.

"எல்லம்மாக்கா! அதோ! நம்ம பென்னி பேரு... அந்தப் பொண்ணு முதுகு மேல ஓடுது!"