ஸ்கூலுக்கு ஒரு சீட்டு

"ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளை பண்ணின பொண்ணோட அப்பாங்களா? யுனிவர்சிட்டி ஆபீஸ்ல இருந்து பேசறேனுங்க."

குணா போனைக் காதோட அமுத்திக்கிட்டான். எதுத்தாப்ல அயர்ன் டேபிள்ல பெரியகருப்பன் நின்னு டீசர்ட்டுக்கு அயர்ன் போட்டுட்டு இருந்தான். "ஆமாங்க"ன்னுட்டு, ஸ்டீம் சத்தத்தை உட்டுத் தள்ளி மாடிப்படிக்கு வந்துட்டான் குணா.

யாருக்கு வந்த போனுன்னு அவனுக்கு சந்தேகமே இல்ல. பனியன் கம்பெனிக்குள்ள போன் வெச்சுக்க சூப்பர்வைசரான குணாவுக்கு மட்டும்தான் பர்மிசன், மத்தவங்க கேட்லயே குடுத்துட்டு வரோணும். அதனால அப்ளிகேசன் போடறப்ப பெரியகருப்பன் வந்து, "அண்ணே, ஒங்க நம்பரையே போட்டுக்கிறவா? பகல்ல கூப்புட்டா நா எடுக்க முடியாது"ன்னு கேட்டான். சரின்னு சொல்லித் தொலைச்சாச்சு.

ரெண்டு பேர்த்து பொண்ணும் ஒரே கவர்மெண்ட் ஸ்கூலு, ஒரே பெஞ்சு. பிளஸ் டூல பெரியகருப்பன் பொண்ணு சண்முகப்பிரியா ஐந்நூத்தி எண்பத்தி மூணு, ஸ்கூல் பர்ஸ்ட்டு. குணா பொண்ணு வர்ஷினி ஐந்நூத்தி எழுபத்தி எட்டு. அந்த அஞ்சு மார்க்கு ஒரு மாசமா குணாவுக்குச் சோறு எறங்க உடல.

ஸ்கூல் வாசல்ல பேனரு, வாட்ஸ்அப் குரூப்புல போட்டோ, மொதலாளி கையால சால்வை, எங்க திரும்புனாலும் சண்முகப்பிரியா. டீ டைம்ல பெரியகருப்பன் எல்லார்த்துக்கும் மைசூர்பாக் குடுத்தான். குணா வாங்கி வாயில போட்டுட்டு, பாத்ரூம்ல போயித் துப்பிட்டு வந்தான். தெக்க இருந்து ஒத்தப் பையோட வந்தவனை இந்தக் கம்பெனியில சேத்து உட்டதே குணாதான். இன்னைக்கு மொதலாளி அவனைப் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுக்கறாரு.

ஸ்காலர்ஷிப் ஸ்கூலுக்கு ஒருத்தருக்குத்தான். டிகிரி முடியற வரைக்கும் பீஸ், ஹாஸ்டல், புஸ்தகம் எல்லாம் யுனிவர்சிட்டியே பாத்துக்கும். அது கெடைக்கலீனா வர்ஷினியை அடுத்த மாசம் இதே கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குக் கூட்டிட்டு வரோணும், குணாவால முடிஞ்சது அவ்வளவுதான். ரெண்டு புள்ளைகளும் இண்டர்வியூக்குப் போயிட்டு வந்தாங்க. எப்படிம்மா பண்ணுனேன்னு கேட்டதுக்கு வர்ஷினி எப்பவும் போல தலையை ஆட்டிட்டு பாத்திரம் கழுவப் போயிருச்சு.

"உங்க பொண்ணு செலக்ட் ஆயிருக்காங்க சார். பேரு..."

"தெரியுங்க, மேல சொல்லுங்க"ன்னு நடுவாலயே வெட்டுனான் குணா. ஒரு மாசமாக் கேட்டுக் கேட்டுப் புளிச்ச பேரு. இன்னொருக்காக் காதுல உழுக வேண்டாம்.

சேர்றமா இல்லையான்னு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லோணுமாம். வேண்டாம்னா லிஸ்ட்ல இருக்கற அடுத்த பொண்ணுக்குப் போயிருமாம்.

அடுத்த பொண்ணு. அப்படின்னா வர்ஷினிதான்.

படியில இருந்து எட்டிப் பாத்தான். பெரியகருப்பன் பக்கத்து டேபிள்காரன்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டு இருந்தான். அந்தச் சிரிப்பைப் பாத்ததோட முடிவு பண்ணிட்டான்.

"இல்லீங்க மேடம். பொம்பளப் புள்ளைய வெளியூர் ஹாஸ்டல்ல உடறது எங்க ஊட்டுல யாருக்கும் இஷ்டமில்லீங்க. அடுத்தவங்களுக்கே குடுத்துருங்க."

அந்தம்மா லேசுல உடல. மார்க்கை மட்டும் பாக்கறதில்லைங்க, இண்டர்வியூல உங்க பொண்ணாட்ட யாரும் பேசலைன்னாங்க.

"எதுக்குப் படிக்கறேன்னு கேட்டமுங்க. 'எங்கப்பா பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே வேலை செய்யறாரு, ஊட்டுக்கு வந்தா காலு வீங்கியிருக்கும், அவரை ஒரு நாற்காலியில உக்கார வெக்கோணும்'னு சொல்லுச்சுங்க. நாங்க மூணு பேருமே அதுக்கு முழு மார்க்கு போட்டமுங்க. அந்த அப்பாங்களா சார் வேண்டாங்கறது?"

அயர்ன் மாஸ்டர் நின்னுட்டேதான் இருக்கோணும், அது நெசந்தான். மார்க்குல ஜெயிச்சான், சரி. இப்படி ஒரு மனசும் அவன் பொண்ணுக்கே இருக்கோணுமா? வர்ஷினி ஒரு நாளாவது அப்பனைப் பத்தி இப்படி ஒரு வார்த்தை பேசியிருக்குமா? வேலை முடிஞ்சு போனா ஒரு பக்கெட்டு சுடுதண்ணியைக் காலடியில கொண்டாந்து வெக்கும், ஒண்ணும் பேசாம உள்ள போயிரும். அத்தோட சரி.

வயித்தெரிச்சல் இன்னும்தான் ஏறுச்சு.

"வேண்டாம்னா வேண்டாமுங்க மேடம்."

"ஒருக்கா பேரை அடிச்சுட்டா மறுபடியும் ஏத்த முடியாதுங்க சார். ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அடிச்சுருங்க."

கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுச்சு. அடிச்சாச்சுங்கன்னு அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க. குணா சுவத்துல சாஞ்சு நின்னு, ஒரு மாசத்துல மொதத் தடவையா நல்லா மூச்சு உட்டான். இனி தன் பொண்ணு பேரை அவங்க வாயால கேக்கோணும்னு ஆசை. ஒண்ணும் தெரியாதவனாட்டக் கேட்டான்.

"அடுத்தது யாருங்க மேடம்?"

"சண்முகப்பிரியாங்க. அவங்கப்பாவும் இதே நம்பரைத்தான் குடுத்திருக்காரு, பக்கத்துல இருந்தா கொஞ்சம் குடுக்கறீங்களா?"